கிளேடன் நிலங்களை மீட்டது யார்? சர் ரால்ஃப் வெர்னியும் அவர் குடும்பமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1643-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த நிலக்கிழாரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ரால்ஃப் வெர்னி, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ‘ஸ்மித்’ என்ற பொய்ப் பெயரில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே மூண்டிருந்த உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கத்துக்காகவும் வாள் எடுத்ததுமில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் அவருடைய உறுப்பினர் பதவியைப் பறித்தது. அவருடைய நிலங்களின் வருமானம் முடக்கப்பட்டது. அவர் மீண்டும் தாயகத்தில் காலூன்ற 1653 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படித் திரும்பியபோது குடும்பச் சொத்து கடனோடும் சிதைவோடும் இருந்தாலும் கையை விட்டுப் போகாமல் இருந்தது. ஒரு பக்கமும் முழுமையாகச் சாராத, இரு தரப்பாலும் ஐயத்தோடு பார்க்கப்பட்ட ஒருவரின் நிலம் எப்படிப் பிழைத்தது, அதற்கான விலையை அந்தக் குடும்பத்தில் யார் யார் கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தேட முடிவதற்குக் காரணம் ரால்ஃபின் ஒரு பழக்கம். வந்த கடிதம் எதையும் அவர் எறியவில்லை. தாம் எழுதிய பதில்களின் வரைவையும் பெரும்பாலும் வைத்துக்கொண்டார். கணக்குச் சீட்டுகள், சீதனப் பத்திரங்கள், கோபத்தில் எழுதிய தாள்கள், மன்னிப்புக் கேட்ட தாள்கள் எல்லாம் குடும்ப இல்லமான கிளேடன் மாளிகையில் குவிந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தெனோப்பி, செவிலியர் பணிக்குப் பெயர் பெற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, அவற்றை ஒழுங்குபடுத்தி வெளியிடும் வேலையில் இறங்கினார். 1890-இல் அவர் இறந்த பிறகு 1892-இல் முதல் தொகுதிகள் வெளிவந்தன. ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: இது குடும்பத்தின் கணக்கை வைத்திருந்தவர் சேர்த்த ஆவணம். பணம் கேட்டு எழுதிய தம்பியின் ஒவ்வொரு வரியும் இருக்கிறது. அந்தத் தம்பி பசியோடு கழித்த நாட்களுக்கு வேறு சாட்சி இல்லை. ஆகவே இந்தக் கடிதங்களைப் படிப்பவர் தம்மை அறியாமலே ரால்ஃபின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் அபாயம் எப்போதும் உண்டு.

வெர்னிகள் மிடில் கிளேடனின் பழைய உரிமையாளர்கள் என்றாலும், பல தலைமுறைகள் அந்த வீட்டை வேறொரு குடும்பத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ரால்ஃபின் தந்தை சர் எட்மண்ட் வெர்னிதான் 1620-ஐ ஒட்டி அந்தக் குத்தகையைப் பணம் கொடுத்து முடித்து, குடும்பத்தைச் சொந்த மண்ணில் குடியேற்றினார். எட்மண்டின் தந்தைக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த அண்ணன் சர் பிரான்சிஸ் பங்கு நிலங்களை விற்றுவிட்டு வட ஆப்பிரிக்கக் கரையில் கடற்கொள்ளையரோடு சேர்ந்து, 1615-இல் சிசிலியின் மெசினா நகர மருத்துவமனையில் இறந்தவர் என்பதை நினைத்தால், ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் நிலைப்பேறு எவ்வளவு சிறிய நூலில் தொங்கியது என்பது விளங்கும்.

எட்மண்ட் அரண்மனை மனிதர். இளவரசராக இருந்த சார்ல்ஸின் பணியில் சேர்ந்து, 1623-இல் அவரோடு மாட்ரிட் சென்று, பின்னர் அரண்மனை எல்லைக்குள் ஒழுங்கு காக்கும் ‘நைட் மார்ஷல்’ பதவியைப் பெற்றார். வருமானத்தின் கணிசமான பகுதி நிலத்திலிருந்து வரவில்லை. அரசர் வழங்கிய உரிமங்களிலிருந்தும் ஓய்வூதியங்களிலிருந்தும் வந்தது. கம்பளித் துணிக்கு முத்திரையிட்டு வசூலிக்கப்படும் அரச வரியிலிருந்து அவருக்கு வரவேண்டிய தொகையை அவர் மகள்களின் சீதனத்துக்கென ஒதுக்கி வைத்தார். அரசர் அரியணையில் இருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. அரசரே தம் தலைநகரை விட்டு வெளியேறும் நாள் வரும் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எட்மண்டின் அரசியல் விசுவாசத்தைப் பேசுபவர்கள் பலரும் இந்தப் பொருளாதாரப் பின்னணியைத் தொடாமல் கடந்து விடுகிறார்கள்; எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் அரசரின் உப்பைத் தின்றவர் என்பது நன்றியை மட்டும் குறிக்கவில்லை. குடும்பத்தின் வரவு செலவே அந்த உப்பில் கரைந்திருந்தது.

ரால்ஃப் 1613 நவம்பரில் தாய்வழிக் குடும்பமான டென்டன்களின் ஹில்ஸ்டன் இல்லத்தில் பிறந்தார். பதினைந்து வயதில், 1629 மே மாதத்தில், பதின்மூன்று வயது மேரி பிளாக்னலுக்கு அவர் மணம் செய்து வைக்கப்பட்டார். மேரி 1625-இல் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்தவள். பர்க்ஷயர், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் பகுதிகளில் நிலத்துக்கு ஒரே வாரிசு. அந்தக் காலத்தில் அத்தகைய பெண் குழந்தையின் காப்புரிமை அரசரின் நீதிமன்றம் வழியே விலைக்கு விற்கப்படும். வாங்கியவர் அவளுடைய திருமணத்தையும் தீர்மானிக்கலாம். மேரியின் உறவினர்களுக்குள் அவளைத் தம் வீட்டு மருமகளாக்கிக்கொள்ளப் போட்டி நடந்த பிறகே வெர்னிகள் வென்றார்கள். ஆக, அவள் கிளேடனுக்கு வந்தது நிலத்தோடு வந்த சொத்தாக. அடுத்த இருபது ஆண்டுகளில் அவள் அந்த வீட்டின் மிகத் திறமையான வழக்காடியாக மாறியது எந்தத் திருமணப் பத்திரத்திலும் எழுதப்படாத வரவு.

திருமணத்துக்குப் பிறகு ரால்ஃப் ஆக்ஸ்ஃபர்டின் மாக்டலன் ஹாலில் சேர்ந்து படித்தார். பட்டத்தைவிட ஒழுங்கும் நுணுக்கமும்தான் அங்கிருந்து கொண்டு வந்தது என்று சொல்லலாம். 1640 ஏப்ரலிலும் நவம்பரிலும் கூடிய இரண்டு நாடாளுமன்றங்களுக்கும் அவர் ஐல்ஸ்பரி தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். நவம்பர் அவையில் தந்தை எட்மண்டும் விக்கம் தொகுதி உறுப்பினர். பேச்சாளராக ரால்ஃப் பெயர் எடுக்கவில்லை. ஆனால் இருக்கையில் அமர்ந்தபடி, மடித்த தாள்களை முழங்காலில் வைத்து, பென்சிலால் விவாதங்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய முதலாம் சார்ல்ஸ் ஆயுதமேந்தியவர்களை வாசலில் நிறுத்திவிட்டு அவைக்குள் நுழைந்ததும், அவைத்தலைவர் லெந்தால் மண்டியிட்டு, அவை பணித்ததைத் தவிர வேறெதையும் காணவோ பேசவோ தமக்கு உரிமையில்லை என்று மறுத்ததும் அந்தப் பென்சில் குறிப்புகளில் உள்ளன. நாடாளுமன்ற வரலாற்றின் மிகவும் அறியப்பட்ட அந்தக் காட்சிக்கு நேரடிச் சாட்சிகளில் ஒன்று, கட்சிப் பற்று அதிகம் காட்டாத இந்த மனிதரின் கையெழுத்து. 1845-இல் அந்தக் குறிப்புகள் அச்சேறின.

அந்த 1642-ஆம் ஆண்டிலேயே குடும்பம் பிளந்தது. ஆகஸ்ட் 22 அன்று நாட்டிங்ஹாமில் அரசரின் போர்க்கொடி உயர்த்தப்பட்டபோது அதை ஏந்தும் பொறுப்பு எட்மண்டுக்குக் கொடுக்கப்பட்டது. அவருக்கு அந்தப் போரில் நம்பிக்கை இல்லை. பின்னாளில் கிளாரண்டன் பிரபுவான எட்வர்ட் ஹைடிடம் அவர் மனம் திறந்து பேசியதை ஹைடே பதிவு செய்திருக்கிறார்: இந்தச் சண்டைக்குக் காரணமான ஆயர்கள்மீது தமக்கு மதிப்பில்லை, நாடாளுமன்றம் கேட்பதை அரசர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே தம் விருப்பம், ஆனாலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவருடைய சோற்றைத் தின்று ஊழியம் செய்தபின் இப்போது கைவிடுவது இழிசெயல், ஆகவே உயிரை இழக்கும் வழியையே தேர்ந்துகொள்கிறேன் என்பது அதன் சாரம். மகன் ரால்ஃப் வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றத்தோடு நின்றார். அரச படையில் இருந்த தம்பி எட்மண்ட், வீட்டில் ‘மன்’ என்று அழைக்கப்பட்டவர், செப்டம்பரில் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் அஞ்சியதே நடந்துவிட்டது, அரசருக்கு எதிராக நீங்கள் நிற்பது தந்தையின் மனத்தை உடைக்கும் என்று கண்டித்தார். அதே மூச்சில் அன்பு குறையாது என்றும் எழுதினார்.

அக்டோபர் 23 அன்று எஜ்ஹில் போர்க்களத்தில் எட்மண்ட் விழுந்தார். கொடி எதிரிகளின் கைக்குப் போய், அன்றே அரச வீரர் ஒருவரால் மீட்கப்பட்டது. உடல் கிடைக்கவில்லை. லண்டனிலிருந்த ரால்ஃப் நாடாளுமன்றப் படைத்தலைவர் எசெக்ஸ் பிரபுவின் படைக்கு ஆளனுப்பி விசாரித்து, இறந்தவர்களைப் புதைத்தவர்களிடமும் கேட்டுப் பார்த்து, பலனில்லை என்று குடும்ப நண்பரான சசெக்ஸ் பிரபுவின் மனைவி எலினாருக்கு எழுதினார். வெட்டுண்ட கை மட்டும் கொடிக்கம்பை விடாமல் பற்றியிருந்தது, அதன் விரலில் அரசர் தந்த மோதிரம் இருந்தது என்ற கதை பின்னர் வளர்ந்தது. மகன் எழுதிய கடிதத்தில் அப்படி எதுவுமில்லை; அவர் தேடியது முழு உடலை.

இந்தக் குடும்பத்தை ‘அப்பா அரசர் பக்கம், பிள்ளை நாடாளுமன்றப் பக்கம்’ என்று எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவர்களிடையே கருத்து வேறுபாடு மிகக் குறைவு. இருவருக்கும் ஆயர்களின் அதிகாரம் பிடிக்கவில்லை. இருவருமே சமாதானத்தை விரும்பினார்கள். எட்மண்ட் தாம் நம்பாத காரணத்துக்காகத் தாம் சேவித்த மனிதருக்காக மாண்டார். ரால்ஃப் தாம் பெரும்பாலும் ஏற்ற தரப்பை, ஒரே ஒரு சத்தியத்தின் பொருட்டு விட்டு விலகினார். அந்தச் சத்தியம் 1643 செப்டம்பரில் வந்தது. ஸ்காட்லாந்தின் படை உதவிக்கு விலையாக, இங்கிலாந்துத் திருச்சபையின் ஆட்சிமுறையை மாற்றியமைக்க உறுதிபூணும் உடன்படிக்கையை எல்லா உறுப்பினர்களும் கையொப்பமிட்டு ஏற்க வேண்டும் என்று அவை முடிவெடுத்தது. தெளிவாகப் புரியாத ஒன்றுக்குக் கடவுளைச் சாட்சியாக்க மனச்சான்று இடம் தரவில்லை என்ற நிலையில் ரால்ஃப் நின்றார். அரச தரப்புக்குத் தாவியிருந்தால் ஆக்ஸ்ஃபர்டில் அவருக்கு வரவேற்பு இருந்திருக்கும். இறந்த கொடியேந்தியின் மூத்த மகன் அல்லவா. அதையும் அவர் செய்யவில்லை. கடல் கடந்து போனார்.

போவதற்கு முன் தம் சொத்துகளை நண்பர்களும் உறவினர்களும் அடங்கிய பொறுப்பாளர்களின் பெயரில் எழுதி வைத்தார். தந்தையின் கடன்களுக்கு அந்த நிலங்களே பிணை என்பதால், கடன்காரர்களும் அந்த ஏற்பாட்டில் உரிமை கொண்டவர்களாக இருந்தார்கள். முதலில் இதை வெறும் குடும்பப் பொறுப்பு என்றே படித்துவிடத் தோன்றும். ஆனால் கடன் சுமை ஒரு கேடயமாகவும் பயன்பட்டது: நிலத்தைப் பறிக்க வரும் குழுவுக்கு எதிராக, லண்டனில் இருக்கும் கடன் கொடுத்தவர்களும் குரல் எழுப்புவார்கள். மூத்த மகன் எட்மண்டும் மகள் பெக்கும் பெற்றோரோடு பிரான்சின் ரூவான் நகருக்கும், பின்னர் புளோவா நகருக்கும் போனார்கள். மூன்று வயது ஜான் கிளேடனில் அத்தைகளோடு விடப்பட்டான்.

அவர்கள் போன சில மாதங்களில், 1644 மார்ச்சில், அருகிலிருந்த ஹில்ஸ்டன் முற்றுகையிடப்பட்டு எரிக்கப்பட்டது. தாய்மாமன் சர் அலெக்சாண்டர் டென்டன் சிறைபிடிக்கப்பட்டு அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சிறையிலேயே இறந்தார். முற்றுகையிட்ட படையின் அதிகாரி ஒருவர் அந்த வீட்டுப் பெண் ஒருத்தியையே விரைவில் மணந்துகொண்டார் என்பது அந்தப் போரின் இயல்பைச் சொல்லும் செய்தி. 1645 செப்டம்பர் 22 அன்று அவைக்கு வராத குற்றத்துக்காக ரால்ஃபின் உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. தொடர்ந்து சொத்து முடக்கம் வந்தது.

முடக்கத்தின் இயக்கத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்ததெல்லாம் அதன் விதிகளுக்குள்தான் நடந்தது. 1643 மார்ச் மாத அவசரச் சட்டத்தின்படி அரசருக்கு உதவியவர்கள் ‘குற்றவாளிகள்’ என்று வகைப்படுத்தப்பட்டார்கள். அவர்களுடைய வாடகையையும் குத்தகையையும் மாவட்டக் குழுவே வசூலித்துக்கொள்ளும். மனைவி மக்களின் பிழைப்புக்காக ஐந்தில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுக்கலாம். மீட்டுக்கொள்ள விரும்புபவர் லண்டனில் உள்ள குழுவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சொத்தின் மதிப்புக்கு ஏற்ற அபராதம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம். பெரும்பாலோர் இந்த வழியில் போனார்கள். ரால்ஃபுக்கு அது சம்மதமில்லை. அபராதம் கட்டுவது, தாம் செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புவது. கடனில் மூழ்கிய நிலம் அந்தத் தொகையைத் தாங்கவும் தாங்காது. ஆக அவர்கள் எடுத்த வழி கடினமானது: நாட்டில் இல்லாமலிருப்பது குற்றமல்ல என்று வாதிட்டு முடக்கத்தையே நீக்க வைப்பது.

வாதிடப் போனவர் மேரி. இந்த யோசனையின் பின்னால் இருந்தவர் ரால்ஃபின் இளைய மாமா, மருத்துவர் வில்லியம் டென்டன். பெண்கள் இப்போதுபோல் எப்போதும் பயன்பட்டதில்லை, குழுக்களின் முன் ஆண் போய் நிற்பதைவிட மனைவிக்குச் சொல்லிக்கொடுத்து அவளை நடிக்க விடுவதே நல்லது, அவர்களுடைய பாலினமே அவர்களுக்குச் சில சலுகைகளைத் தரும் என்ற பொருளில் அவர் எழுதினார். ரால்ஃப் தாமே வந்தால் கடனுக்காகவோ உடன்படிக்கைக்காகவோ கைது செய்யப்படலாம். 1646 இறுதியில், கருவுற்ற நிலையில், மேரி ஆங்கிலக் கால்வாயைக் கடந்து லண்டன் சேர்ந்தார். அடுத்த ஓராண்டுக் கடிதங்கள் இந்த ஆவணக் குவியலின் நெஞ்சுப்பகுதி.

கணவன் மனைவி இருவரும் ஆட்களைக் குறிக்க மறைபெயர்கள் வைத்துக்கொண்டார்கள். எலினார் சீமாட்டிக்கு ‘கிழவர்களின் மனைவி’ என்று பெயர். வயதான பிரபுக்களை ஒருவர்பின் ஒருவராக மணந்துவந்த அவர், அந்தச் சமயத்தில், நாடாளுமன்றக் கடற்படைக்குத் தலைமை தாங்கியிருந்த வார்விக் பிரபுவின் மனைவியாகியிருந்தார். ஒரு காலத்தில் ரால்ஃபின் தோளில் சாய்ந்து அழுத இந்தத் தோழியிடம்தான் மேரி முதலில் உதவி கேட்டார். நல்ல வார்த்தைகள் நிறையக் கிடைத்தன, காரியம் மெதுவாகத்தான் நகர்ந்தது. லண்டனில் அறை வாடகை அதிகம், உடல்நலம் சரியில்லை, பக்கிங்ஹாம்ஷயர்க் குழுவிடமிருந்து சான்றிதழ் வாங்க அலைய வேண்டும், எந்த உறுப்பினர் எந்த நாளில் வருவார் என்று தெரிந்துகொண்டு அன்று வழக்கு எடுக்கப்படுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முழு அவையில் பகைவர்கள் இருந்ததால், இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு வழக்கை அனுப்ப வைப்பதே அவர்களின் தந்திரமாயிற்று.

ரால்ஃப் புளோவாவிலிருந்து நீண்ட கடிதங்கள் எழுதினார். எல்லாக் கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொல்லவில்லை என்று கண்டித்தார். தம் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு பதில் எழுதும்படி அறிவுரை சொன்னார். நிறைமாதக் கர்ப்பிணியாக ஒரு வாடகை அறையில் இருந்தவளுக்கு இப்படி எழுதிய மனிதர்மீது எரிச்சல் வராமல் படிக்க முடியவில்லை. அதே மனிதர் அவளுடைய ஒரு கடிதம் தவறினால் எவ்வளவு தவித்தார் என்பதும் அதே கடிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. 1647 ஜூனில் ஆண் குழந்தை பிறந்தது. ரால்ஃப் தம் பெயர் வேண்டாம், ரிச்சர்ட் என்று வைக்கலாம் என்றார். மேரி கேட்கவில்லை, ரால்ஃப் என்றே பெயரிட்டார். நாடாளுமன்றம் பழைய வழிபாட்டு நூலைத் தடை செய்திருந்த காலத்தில் குழந்தைக்குப் பழைய முறையில் ஞானஸ்நானம் கொடுக்க ஒரு குருவைத் தேடிப் பிடிப்பதுகூட ஒரு வேலையாக இருந்தது.

அந்த ஆண்டு மேரி கிளேடனுக்கும் போய்ப் பார்த்தார். படைவீரர்கள் தங்கிச் சென்ற வீட்டில் துணிமணிகள் நைந்து கிடந்தன. மெத்தைகளை எலிகள் தின்றிருந்தன. அடுப்பங்கரை இரும்புக் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. குத்தகைக்காரர்களிடம் பாக்கி நின்றது. நாலு வருடங்களுக்குப் பின் கண்ட மகன் ஜான், வளைந்த கால்களோடு, பாட்டுப் பாடிக்கொண்டு, அம்மாவிடம் உடனே ஒட்டிக்கொண்டான். கால்களைத் தவிர மற்றபடி அழகான பிள்ளை என்று கணவருக்கு எழுதினார். அக்டோபரில் இரண்டு மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இங்கே கைக்குழந்தை ரால்ஃப் இறந்தது. அங்கே புளோவாவில் எட்டு வயதுப் பெக் வயிற்றுப்போக்கில் இறந்தாள். மகளின் சாவை மேரியிடம் சொல்லும் கடமை மருத்துவர் டென்டனுக்கு வந்தது. சில இரவுகள் மேரி பிதற்றினார், அருகிலிருந்தவர்களை அடையாளம் தெரியவில்லை என்று மருத்துவர் எழுதினார். பிறகு எழுந்து, மீண்டும் குழு உறுப்பினர்களைப் பார்க்கப் போனார்.

1648 ஜனவரி 5 அன்று கூட்டுக் குழு முடக்கத்தை நீக்கியது. அபராதமில்லை, குற்ற ஒப்புதலுமில்லை. வசந்தத்தில் ஜானையும் அழைத்துக்கொண்டு மேரி பிரான்சுக்குத் திரும்பினார். இரண்டே ஆண்டுகள், 1650 மே 10 அன்று, முப்பத்து நான்கு வயதில், நுரையீரல் நோயோடு புளோவாவில் இறந்தார். உடலைப் பதப்படுத்திக் கிளேடனுக்கு அனுப்பினார் ரால்ஃப். அவர் அதன்பின் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார், மறுமணம் செய்யவில்லை. இதே ரால்ஃப்தான் சில ஆண்டுகளில், லத்தீனும் கிரேக்கமும் கற்க ஆசைப்பட்ட மருத்துவர் டென்டனின் மகள் நான்சிக்கு, பெண்ணுக்குத் தாய்மொழியில் விவிலியமும் ஞானோபதேசமும் போதும் என்று எழுதினார். தம் நிலத்தை மீட்டது எந்த அறிவு என்பதை அவர் அறியாதவரல்ல. ஆனாலும் அதை விதிவிலக்கு என்றே நினைத்தார் போலும்.

விலை கொடுத்தவர்களில் அடுத்து வருபவர்கள் தங்கைகள். தந்தை இறந்தபோது ஆறு பெண்களில் கேரி ஒருத்திக்குத்தான் திருமணம் ஆகியிருந்தது. அவள் கணவனும் 1645-இல் அரச படையில் கொல்லப்பட்டான். மாமியார் வீட்டில் அவளுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. மற்ற ஐவருக்கும் தந்தை ஒதுக்கிய துணி வரி வருமானம் போரோடு நின்றுபோனது. சீதனத்தை ரால்ஃபே நிலத்திலிருந்து தர வேண்டும். நிலமோ முடங்கிக் கிடந்தது. விளைவு, தங்கள் தகுதிக்குக் கீழே என்று குடும்பம் கருதிய திருமணங்கள். சூசன், கடனுக்காகச் சிறையிலிருந்த மனைவியிழந்த ஒருவரை மணந்து 1651-இல் பிரசவத்தில் இறந்தாள். பெனலோப்பி தன் உறவினர் ஜான் டென்டனை மணந்து அடி வாங்கினாள். மார்கரெட், ஒத்துப்போக முடியாத கணவரிடமிருந்து பின்னர் பிரிந்தாள். மேரியும் எலிசபெத்தும் அண்ணனின் அனுமதியைக் காத்திராமல் தங்கள் துணையைத் தேடிக்கொண்டார்கள். கடைசித் தங்கையை மணந்தவர் வருமானமற்ற ஒரு திருச்சபைக் குரு. ரால்ஃப் எல்லோருக்கும் எழுதினார், கண்டித்தார், தவணை தவணையாகப் பணமும் தந்தார். ஆனால் பாகப் பங்கீட்டு வரிசையில் நிலம் முதலிலும் தங்கைகள் அதன்பிறகும் நின்றார்கள் என்பதை மறைக்க முடியாது. மூத்த மகனுக்கே எல்லாம் போகும் முறையில் அது தவிர்க்க முடியாததுகூட.

தம்பிகளின் கதை வேறு. அண்ணனைக் கண்டித்து எழுதிய மன், 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் டிராகெடாவில் இருந்தார். நகரம் வீழ்ந்து சில நாட்களான பின், உயிருக்கு உறுதி பெற்றிருந்த நிலையில், நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல்லோடு நடந்துகொண்டிருந்தவரை ஒருவன் நட்பாக அழைத்துத் தனியே கொண்டுபோய்க் குத்திக் கொன்றான் என்று குடும்பத்துக்குக் கடிதம் வந்தது. ஹென்றி குதிரைப் பந்தயங்களில் காலம் கழித்தார். டாம் தனி அத்தியாயம்: பொருந்தாத காதலிலிருந்து விலக்க 1634-இல் வர்ஜீனியாவுக்கும், பின்னர் பார்படோஸுக்கும் அனுப்பப்பட்டார், ஒவ்வொரு முறையும் திரும்பினார், கடன் சிறைகளிலிருந்து, பணிவும் மிரட்டலும் கலந்த அழகான ஆங்கிலத்தில் அண்ணனுக்கு எழுதிக்கொண்டேயிருந்தார். பார்படோஸின் பழங்களைப் பற்றி அவர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கத் தக்கது. குடும்பத்தில் அதிகம் வாழ்ந்தவரும் அவரே. 1707-இல் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார்.

இத்தாலி சுற்றிவிட்டு 1653-இல் திரும்பிய ரால்ஃப், உடல் இல்லாத தந்தைக்கும் மனைவிக்குமாக மிடில் கிளேடன் தேவாலயத்தில் பளிங்கு நினைவுச்சின்னம் எழுப்பினார். நிலச் சீரமைப்பில் இறங்கி, பொது வயல்களை வேலியிட்டு அடைக்கும் வேலையை 1650-களில் முடித்தார். மேய்ச்சலுக்கு விட்ட வயல்கள் கூடுதல் குத்தகை தந்தன. வேலியால் பயனடைந்தது கடன் தீர்க்க வேண்டிய நிலக்கிழார். பொது வயலில் தன் துண்டு நிலத்தையும் மேய்ச்சல் உரிமையையும் நம்பியிருந்த சிறு குடியானவன் இந்தக் கடிதக் கட்டில் அரிதாகவே தலைகாட்டுகிறான். 1655-இல் அரசர் தரப்புச் சதி அச்சத்தில், அரசரில்லாத இங்கிலாந்தை அப்போது ஆண்ட கிராம்வெல்லின் அரசு அவரைக் கைது செய்து சில மாதங்கள் லண்டனில் வைத்திருந்தது; அடுத்த ஆண்டு முன்னாள் அரச ஆதரவாளர்கள்மீது விதிக்கப்பட்ட பத்தில் ஒரு பங்கு வரியும் அவர்மீது விழுந்தது. தாம் எந்நாளும் அரசருக்காகப் போரிட்டதில்லை என்ற பழைய வாதம் இம்முறை எடுபடவில்லை. வாதாட மேரியும் இல்லை.

1660-இல், 1649-இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்ல்ஸின் மகன் இரண்டாம் சார்ல்ஸ் அரசராகத் திரும்பினார். 1661 மார்ச்சில் ரால்ஃப் ‘பாரோனெட்’ என்ற பரம்பரைப் பட்டம் பெற்றார். அவைக்குத் திரும்ப மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1681, 1685, 1689 தேர்தல்களில் பக்கிங்ஹாம் நகரிலிருந்து வென்றார். அங்கே வாக்காளர்கள் மொத்தம் பதின்மூவர்தான் என்பதால் தேர்தல் என்பது விருந்தும் வேட்டைமான் இறைச்சியும் நேரடிப் பேச்சும் கலந்த நெடிய உபசாரமாக இருந்தது. 1685-இல், எழுபதைக் கடந்த வயதில், தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ் அந்த மாவட்டத்தில் அரசரின் ஆட்களுக்காக நேரடியாகத் தலையிட்ட காலத்திலும் அவர் தம் இடத்தைப் பிடித்தார். அரசாங்கம் எதுவானாலும் அதற்கு முழுதாகக் கட்டுப்படாதவர் என்ற பெயர் அவரோடு முதுமை வரை வந்தது.

மூத்த மகன் எட்மண்டுக்கு 1662-இல் பக்கத்து ஈஸ்ட் கிளேடனின் வாரிசான மேரி ஏபலை மணமுடித்தார்கள். இரு நிலங்களும் இணையும் என்ற கணக்கு காகிதத்தில் பிழையில்லாதது. திருமணமான சிறிது காலத்திலேயே மருமகளுக்கு மனநிலை பிறழ்ந்தது, அவள் தேறவேயில்லை. எட்மண்ட் கடனோடு 1688-இல் இறந்தார். அவருடைய மகன்களும் 1690-க்குள் இறந்துவிட்டார்கள். வளைந்த கால்களோடு கிளேடனில் விடப்பட்ட ஜானோ, நிலக்கிழார் பிள்ளைகளின் வழக்கமான பாதையை மறுத்து, வணிகம் கற்கவே அடம் பிடித்தார். 400 பவுண்டு கட்டி லெவான்ட் எனப்படும் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளோடு வாணிபம் செய்த லண்டன் வணிகர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, 1662-இல் சிரியாவின் அலெப்போவுக்குக் கப்பலேறி, பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பட்டும் துணியும் வாங்கி விற்று, 1674-இல் கையில் காசோடு திரும்பினார். நிலம் இல்லாமல் பிழைக்கக் கற்றவர் என்பதால் கடிதங்களில் அவர் குரல் மட்டும் தந்தையிடம் எதையும் யாசிப்பதில்லை.

ரால்ஃப் 1696 செப்டம்பர் 24 அன்று கிளேடனில் இறந்தார். பட்டமும் நிலமும் அந்த இரண்டாவது மகனுக்குப் போயின. ஜான் 1703-இல் அயர்லாந்தின் ஃபெர்மனா வைகவுன்ட் என்ற பிரபுப் பட்டம் பெற்று, தந்தையும் பாட்டனும் அமர்ந்த அவையில் 1710 முதல் டோரி கட்சி உறுப்பினராக அமர்ந்தார். நிலத்தின் கணக்குப் புத்தகங்களை அலெப்போவில் பழகிய வணிகக் கணக்கு முறையிலேயே வைத்துக்கொண்டு, ஊர்ச் செலவுகளுக்குத் தந்தை தாராளமாகத் திறந்து வைத்திருந்த கையைச் சற்றே இறுக்கினார்.